ஆடாமல் உட்கார்ந்த அப்பா

திரையில் அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் அதே அப்பா, அதே சாம்பல் நிறக் கோட்டில், தன்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அலெக்சாந்திரியாவின் கலைஞர் கூட்டம் மொத்தமும் மூச்சுவிடாமல் பார்த்தது. கொட்டாவி விட்டவன் நான் ஒருவன்தான்.

என் அக்கா நெர்மீன் சுயாதீனக் கலைஞர். அதாவது, சம்பளம் கிடையாது.

போன வருடம் எதிர்வீட்டு மாடியில் துணி காய்வதை வீடியோ எடுத்தாள். கடைசியில் துணி காய்ந்தது. அடுத்து, அம்மாவின் ஃப்ரிட்ஜுக்குள் சிமெண்டைக் கொட்டிச் சிற்பம் செய்தாள். அன்றிலிருந்து அப்பாவுக்குப் பானைத் தண்ணீர்தான்.

இப்போது இந்தப் பரீட்சார்த்தப் படம். பெயர் 'அம்மாவுக்குப் பின்'. முக்கால் மணி நேரமும் ஜன்னலோரம் அப்பா மட்டும்தான். பேச்சில்லை, இசையில்லை. நடுவில் ஒரு ஈ அவர் மீசையில் உட்கார்ந்துவிட்டுப் போகும். அந்த ஈயைப் பற்றி மட்டும் ஒருவர் தனிக் கட்டுரை எழுதியிருந்தார்.

வெளிநாட்டுக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து அழைக்கும் உர்ஸுலா அம்மாள் பெர்லினிலிருந்து வந்திருந்தார். அவர் சரி என்றால் அக்காவுக்கு அங்கே ஒரு வருடம் வீடு, ஸ்டுடியோ, சாப்பாடு. இல்லையென்றால் மறுபடி மொட்டைமாடித் துணிதான்.

விளக்கைப் போட்டார்கள். உர்ஸுலா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்தார். ஓட்டல் வேலையில் ஜெர்மன்காரர்களோடு பழகியவன் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

"அவ்வளவு நேரமும் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தீங்கன்னு கேக்கறாங்கப்பா."

அக்கா கண்கலங்கி நின்றாள். அப்பா சொல்லப்போகும் துக்கம் என்ற சொல்லுக்காக அவள் ஏற்கெனவே கைக்குட்டையை எடுத்துவிட்டாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "என்னத்த நினைக்க? ஒரு போட்டோ எடுத்துக் குடும்மான்னு கேட்டேன். ஆடாம உக்காருப்பான்னு சொல்லிட்டு, போன் வந்துச்சுன்னு மாடிக்குப் போயிட்டா. முடிஞ்சுதுன்னு யாரும் சொல்லலை, நானும் ஆடலை. அந்த போட்டோ இன்னும் என் கைக்கு வரலை."

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் விழிப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டாள்.

"போட்டோ எதுக்குப்பா?"

அப்பா காதுவரை சிவந்தார். காரணம் எனக்குத் தெரியும், அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பஹீஜா அத்தைக்கும் தெரியும். அக்காவிடம் சொல்லத்தான் அந்த மனிதருக்குத் தைரியம் வரவில்லை.

அத்தை தன் மறுபக்கத்தில் இருந்த பெண்மணியைக் கையைப் பிடித்து எழுப்பினாள். தமன்ஹூரிலிருந்து வந்திருந்த சுஹைர் அம்மாள். கணவரை இழந்தவர், கணக்கு டீச்சர். போட்டோ வரும் வரும் என்று காத்து அலுத்துப்போய், மாப்பிள்ளையை நேரிலேயே பார்க்க வந்துவிட்டார்.

அவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் உசுரோட இருந்தவரைக்கும் ரெண்டு நிமிஷம் சேந்தாப்ல வாயை மூடினதில்ல. இந்த ரிஃபாத் சார் முக்கால் மணி நேரம் மூடியிருக்காரு. எனக்குச் சம்மதம்."

அத்தை நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். பின்வரிசைப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மண்டபம் அதிர்ந்தது.

உர்ஸுலா அம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்தார். இது ஒப்பாரியா என்று மெதுவாகக் கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நாங்கள் இருவருமே பார்த்ததில்லை.

அக்கா கைக்குட்டையைக் கீழே போட்டாள். வாயருகே கையைக் குவித்து, எல்லோரையும்விட உரக்கக் குலவையிட்டாள். கூடவே அழுகையும் வந்துவிட்டது, கன்னமெல்லாம் நனைந்தது.

"ஆமாம், ஒப்பாரிதான்" என்றேன். "மகளுக்குத் தாங்கவில்லை."

உர்ஸுலா அம்மாள் அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு, எப்போது பெர்லினுக்கு வருகிறாய் என்று கேட்டார்.