கோட்டையும் நாற்பது வரியும்

"எழுந்திரும்மா. இனிமே பெரிய ஆளுங்க உட்கார வேண்டிய இடம்" என்று கூட வேலை பார்க்கும் இளம்பெண்ணைக் கிளப்பிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் சாய்ந்தார் கோட்டை.

"சார், ஒரு நிமிஷம், என்னோடது இன்னும்..."

"உன்னோடது முடிஞ்சுபோச்சும்மா. அப்படி ஓரமாப் போய் நில்லு."

"நான் எழுதறது புரோகிராம் இல்ல, கோட்டை!" என்று வார்த்தைக்கு வார்த்தை பீற்றிக்கொண்டே அலுவலகத்தில் அந்தப் பெயரை வாங்கியவர் அவர். முந்நூறு ஃபைல்கள். அதில் பாதி எதற்கென்று கட்டியவருக்கே தெரியாது. அது ஓடத் தொடங்கவே நாலு நிமிடம் பிடிக்கும் என்று கேன்டீன்வரைக்கும் சிரிப்பு.

அதே வேலைக்கு அவள் செய்ததோ குட்டி சர்வீஸ். ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில், ஃபிரேம்வொர்க் என்று சொல்கிற கைக்கு அடக்கமான ஒரு தயார்ச் சட்டகத்தை எடுத்து, நாற்பதே வரியில் எழுதியிருந்தாள். நோயாளியின் எண்ணைக் கொடுத்தால் ரத்தப் பரிசோதனை முடிவு தயாரா இல்லையா என்று சொல்லும். வேறு எந்த வேலையும் செய்யாது. சற்றுமுன் அதைத்தான் ஓட்டிக் காட்டியிருந்தாள்.

பார்க்க வந்திருந்தவர் ஒரு பரிசோதனைக்கூடத்தின் தலைமை டாக்டரம்மா. இரண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே சோதனைப் பக்கம், அந்தப் பக்கம் கேள்வியை அனுப்ப ஒரே முகவரி. டாக்டர் எதை எடுக்கிறாரோ அதை எழுதியவர் இருப்பார், மற்றவர் இன்றோடு வீட்டுக்குப் போகலாம் என்று மானேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். சொல்லும்போது அவளை மட்டும்தான் பார்த்தார்.

"நாற்பது வரியாம்! கேட்டீங்களா டாக்டர்? என் செட்டிங்ஸ் ஃபைல் மட்டுமே நாலாயிரம் வரி. இவ செஞ்சிருக்கிறது பொம்மை. ரெண்டு பேர் சேர்ந்து கேட்டா மூச்சு முட்டிச் செத்துடும்."

மானேஜர் சிரித்தார். கோட்டை சொல்கிற எதற்கும் அவர் சிரிப்பார்.

கோட்டை தன்னுடையதை ஓடவிட்டார். கறுப்புத் திரையில் சிவப்பாக நாலைந்து வரிகள் ஓடின. "இது தினமும் வர்றதுதான்" என்று படித்துக்கூடப் பார்க்காமல் அதை மூலைக்குத் தள்ளினார். படிப்பதெல்லாம் சின்ன ஆட்கள் செய்கிற வேலை அல்லவா!

சோதனைப் பக்கத்தில் ஒரு எண்ணைத் தட்டினார். கண்ணிமைப்பதற்குள் 'முடிவு தயார்' என்று வந்தது. இன்னொரு எண் கொடுத்தார், அதற்கும் வந்தது. நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்பது மாதிரி விட்டுப் பார்த்தார். ஒன்றுகூடச் சொதப்பவில்லை.

"அட, பரவாயில்லையே! கிளம்பவே நாலு நிமிஷம் ஆகும்னாங்க?" என்றார் டாக்டர்.

"வயித்தெரிச்சல் டாக்டர். வேலை தெரியாதவங்க வேற என்ன பேசுவாங்க?"

"சரி, இதையே எடுத்துக்கறோம்."

ஓரத்தில் நின்றவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனிதருடைய குப்பை எப்படி இத்தனை வேகமாக ஓடுகிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

கோட்டைக்கு ஜெயித்தது போதவில்லை. "ஏம்மா, உன் பொம்மைய நிறுத்தித் தொலை. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு ஓடுது. எல்லாரும் பார்க்கட்டும், உன் கையாலேயே நிறுத்து."

அவள் குனிந்து இரண்டு விசைகளை அழுத்தித் தன்னுடையதை நிறுத்தினாள்.

டாக்டர் ஆசையாகக் கடைசியாக ஒரு எண்ணைத் தட்டினார். 'தொடர்பு இல்லை' என்றது திரை. மறுபடி தட்டினார். 'தொடர்பு இல்லை.'

"அடிப்பாவி! என்னோடதை ஏம்மா நிறுத்தின?" என்று கோட்டை துள்ளி எழுந்தார்.

"உங்களோடதை நான் தொடவே இல்ல சார்" என்றவள், மூலையில் கிடந்த கறுப்புத் திரையை இழுத்து அந்தச் சிவப்பு வரிகளைப் படித்தாள். முகம் மெல்ல மாறியது.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றார் டாக்டர்.

"இந்த முகவரியில ஏற்கெனவே வேற ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு, அதனால என்னால கிளம்பவே முடியலன்னு சாரோடது சொல்லியிருக்கு மேடம்."

"வேற ஒண்ணா? எது அது?" என்று சீறினார் கோட்டை.

"இப்ப நிறுத்தித் தொலைன்னீங்களே சார், அதுதான்."