நாலு நிமிஷம் லேட்

“இது பஸ்ஸா, தொட்டிலாய்யா? மணி ரெண்டு ஆச்சு, வண்டியை எடுங்க!”

முன் சீட்டிலிருந்து கறார் சார் கத்தினார். அவர் பேர் யாருக்கும் தெரியாது. ஜன்னலைச் சரியாகச் சாத்தாதவனைக்கூடச் சண்டைக்கு இழுப்பார் என்பதால் நாங்கள் வைத்த பேர் அது.

நான் கண்டக்டர். காதிலேயே விழாத மாதிரி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் அண்ணன் கீழே இறங்கி, நன்றாக இருந்த டயரை நாலு உதை உதைத்துப் பார்த்தார். எல்லாம் நேரம் கடத்தத்தான்.

படிக்கட்டில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்றான் மாப்பிள்ளை. டிரைவர் அண்ணன் அவனை அப்படித்தான் கூப்பிடுவார். தோளில் பத்து மாசப் பாப்பா.

அவனுக்கு சோப்பு கம்பெனியில் மதிய ஷிப்ட். அவன் பெண்டாட்டி எதிரே இருக்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ், காலை ஷிப்ட். காப்பகத்தில் விட்டால் ஒருத்தர் சம்பளம் அப்படியே போய்விடும். அதனால் காலையில் பாப்பா அவனிடம், மத்தியானத்துக்கு மேல் அவளிடம். கைமாற்றுகிற இடம் எங்கள் பஸ் படிக்கட்டு.

வினை என்னவென்றால், அவள் ஷிப்ட் முடிவதும் ரெண்டு மணிக்கு, எங்கள் பஸ் கிளம்புவதும் ரெண்டு மணிக்கு. அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். அதில் போனால் கம்பெனி கேட்டைச் சாத்தியிருப்பார்கள். நாலு நாள் அப்படி ஆனால் வேலை காலி.

“வந்துட்டா, வந்துட்டா!” என்று பஸ்ஸே கூவியது.

“ரோட்டைப் பாக்காம ஓடி வருது பாரு! அறிவிருக்கா?” என்று கறார் சார் பாய்ந்தார்.

“பால் குடிச்சாச்சு! தூங்கல! ரெண்டு தடவை போயாச்சு! மூக்கு ஒழுகுது!” என்று மாப்பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

“உனக்கா, பாப்பாவுக்கா?” என்று கேட்டுக்கொண்டே அவள் பாப்பாவை வாங்கிக்கொண்டாள்.

“ரெண்டு பேருக்கும்! போயிட்டு வரேன்!”

ஒரு நாள் அவசரத்தில் பை மாறி, சாப்பாட்டு வேளையில் மாப்பிள்ளை பையைத் திறந்தால் உள்ளே அரை டஜன் இடுப்புத் துணியும் ஒரு கிலுகிலுப்பையும் இருந்ததாம். மறுநாள் அதைக் கேட்டு பஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது.

கறார் சார் மட்டும் சிரிக்கவில்லை. “சிரிங்க, சிரிங்க. நான் மேலிடத்துக்கு எழுதிப் போடத்தான் போறேன்!”

எழுதியே போட்டுவிட்டார், புண்ணியவான். அடுத்த திங்கட்கிழமை, சரியாக ரெண்டு மணிக்கு, கையில் கடிதத்தோடு இன்ஸ்பெக்டர் ஏறினார்.

“இந்த பஸ் தினமும் நாலு நிமிஷம் லேட்டுன்னு எழுதி வந்திருக்கு. யாரால லேட்?”

அதற்குள் பாப்பா மாயம்! மாப்பிள்ளை கையிலிருந்து கூடைக்கார அக்காவுக்கு, அக்காவிடமிருந்து காலேஜ் பொண்ணுக்கு என்று கைமாறிக் கைமாறி, கடைசி சீட்டு மீசைக்காரர் மடிக்குப் போய்விட்டது. அவர் செய்தித்தாளை விரித்து மறைத்துக்கொண்டார்.

“என்னாலதான் சார்,” என்றாள் கூடைக்கார அக்கா. “கூடையை ஏத்த நேரமாகுது.”

“கூடையையே காணோமே?”

“அதைத்தான் சார் தேடிக்கிட்டிருக்கேன். அதான் லேட்டு!”

“அவங்க இல்ல சார், எனக்குத்தான் மூட்டுவலி,” என்றாள் காலேஜ் பொண்ணு. “படியேற முடியல.”

“உனக்கு என்னம்மா வயசு?”

“பத்தொன்பது. அதான் டாக்டருக்கே புரியலையாம்.”

பின்னாலிருந்து “ஙே!” என்று ஒரு சத்தம். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இருமினோம்.

“யாரது?”

“நான்தான் சார்,” என்றார் மீசைக்காரர். “சளி.”

மறுபடியும் “ஙே!” இந்தத் தடவை மீசைக்காரர் வாய் மூடித்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் பொண்ணு ஓடி வந்தாள். புருஷன் கை காலியாக இருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு முகமே வெளுத்துவிட்டது. “ஐயோ, பாப்பா எங்கே?”

மாப்பிள்ளையால் தாங்க முடியவில்லை. “போதும் சார். எங்களாலதான் லேட்டு. இவங்க யார் மேலயும் தப்பில்ல. பாப்பாவைப் பாத்துக்க வேற வழி இல்லாமத்தான் இப்படிப் பண்ணோம். நாளையிலேருந்து நான் வேலைக்குப் போகல, வீட்டிலேயே இருந்துக்கறேன்.”

அவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். எங்களுக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாரும் ஒரே ஆளைத்தான் முறைத்தோம்.

“இப்ப வயிறு குளிர்ந்துச்சா சாமி?” என்று கூடைக்கார அக்கா கேட்டே விட்டாள். கறார் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “இதை முதல்லயே சொல்றதுக்கென்னய்யா? குழந்தை விஷயம் நிஜமான்னு சரிபார்க்கத்தான் என்னை அனுப்பினாங்க. பஸ் பூரா சேர்ந்து புளுகினா நான் என்னன்னு எழுதறது?”

கடிதத்தை என் கையில் திணித்தார். “நாளையிலேருந்து உங்க பஸ்ஸுக்குப் புது நேரம். ஏன்னு நீங்களே படிங்க. சத்தமா!”

படித்தேன்.

‘ஐயா, ஒரு கைக்குழந்தைக்காக இந்த பஸ் தினமும் நாலு நிமிஷம் நிற்கிறது. டிரைவரும் கண்டக்டரும் பயந்துகொண்டே நிறுத்துகிறார்கள். அவர்களை ஒன்றும் செய்யாதீர்கள். குழந்தையின் அம்மா ரோட்டைப் பார்க்காமல் ஓடி வருகிறாள். எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது, அதனால் எல்லாரிடமும் கத்துகிறேன். தயவுசெய்து பஸ் கிளம்பும் நேரத்தையே ரெண்டு மணி ஐந்து நிமிஷம் என்று மாற்றிவிடுங்கள். அந்தப் பெண் நடந்து வரட்டும்.’