ஓர் எழுத்துப் பிழை

“இந்தத் தொப்பியைப் போட்டா, எரியிறதுக்கு முந்தி இருந்த எங்கட வீட்டுக்கும் போகலாமா, சேர்?”

மாய உலகைக் கண்முன் காட்டும் தொப்பியொன்றின் படத்தைப் பார்த்து, கணினி வகுப்பில் முன்பொரு நாள் ஒரு சிறுமி கேட்ட கேள்வி அது. பாலேந்திரன் மாஸ்டரின் விஞ்ஞான நாவல் அதிலிருந்துதான் பிறந்தது. தலையில் ஒரு தொப்பியை மாட்டினால் போதும். கலவரத்துக்கு முந்திய கண்டித் தெருக்கள் கண்முன் விரியும். கையை நீட்டினால் சுவர் தட்டுப்படும். கூப்பிட்டால் பழைய அயலவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

யுத்தம் ஓயாத காலம். பஸ்ஸிலிருந்து இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் கட்டுகஸ்தோட்டைக்கு வர வேண்டும். அப்படியும், நாவலை அச்சிட்ட ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் அச்சகத்துக்கு அன்று பல வாசகர்கள் வந்திருந்தார்கள். முதற்பதிப்பு விற்றுத் தீர்ந்து, இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகவிருந்தது.

“வாசிச்சு முடிச்சிட்டு நான் கனநேரம் கதிரையை விட்டு எழும்பேல்லை, தம்பி” என்றார் தாதி கமலாசனி. “அந்தத் தெருவில பாண் வேகிற வாசம்கூட எனக்கு வந்தது.”

மஹய்யாவையிலிருந்து வந்த ராஜலிங்கம் கையை உயர்த்தினார். “எல்லாம் சரிங்க மாஸ்டர். தொப்பிய மாட்டிக்கிட்டு உள்ள போயிட்டாரு. நம்ம ஊர்ல கரண்டு போச்சுன்னா, ஆளு எப்படித் திரும்பி வருவாரு?”

எல்லோரும் சிரித்தார்கள். பாலேந்திரனும் சிரித்தார்.

“சிரிக்கிறதுக்கு இன்னும் ஒண்டு இருக்கு” என்று புத்தகத்தை விரித்தார் ஓய்வுபெற்ற அரச எழுதுவினைஞர் தம்பிராஜா. “கதாநாயகன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சின்னப் பெடியனா மாறி எண்பத்து மூண்டுக் கலவரத்துக்குள்ள போறான். பாலத்தில தமிழரைத் தேடுற தடியர் கூட்டம். சனநெரிசலில தகப்பன்ரை கையைத் தவற விட்டிட்டு என்னெண்டு கத்துறான்? முஸ்லிம் பிள்ளையள் மாதிரி ‘வாப்பா’ எண்டு! சைவப் பெடியன் காணும்! ‘அப்பா’ எண்டெல்லோ கத்தோணும்?”

ஹாஜியாரின் முகம் சிவந்தது. மூலையில் கணினியின் முன் அமர்ந்திருந்த கைரியாவின் பக்கம் திரும்பினார்.

“கைரியா! டைப் பண்ணினது நீதானே? போன மாசம் கலியாணக் கார்டுல மாப்பிள்ளட பேரையே மாத்திட்டாய். இன்னொரு பிழை வந்தா வேலை இல்லண்டு சொன்னேனா, இல்லயா?”

கைரியா எழுந்து நின்றாள். படுக்கையில் கிடக்கும் தகப்பனுக்கு அவளுடைய சம்பளத்தில்தான் மருந்து வாங்க வேண்டும். அச்சகத்துக்கு வந்துபோகிற எல்லோருக்கும் அது தெரியும்.

“ஹாஜியார், அது பிழையில்லை” என்றார் பாலேந்திரன். “நான்தான் அப்பிடி எழுதினனான்.”

“தெரிஞ்சுகொண்டோ?” என்றார் தம்பிராஜா.

“ஓம் ஐயா. உயிருக்குப் பயந்த பிள்ளைக்கு எந்தத் தகப்பனும் தகப்பன்தான்.”

“தொப்பியில ஏதோ கோளாறு எண்டு சொல்லும், ஒத்துக்கொள்ளுறன்!”

கமலாசனி குறுக்கிட்டார். “எனக்கு அந்த இடத்திலதான் அழுகையே வந்தது. தயவுசெய்து மாத்திப் போடாதேங்கோ, தம்பி.”

“மாத்தமாட்டன் அக்கா. இரண்டாம் பதிப்பிலயும் அப்பிடியே இருக்கட்டும்” என்றார் பாலேந்திரன் உறுதியாக.

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டார். “எழுதின ஆளே சொன்னா நமக்கென்ன? இரி மகள், ஒன்ட வேலயப் பாரு.”

அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஹாஜியார் பள்ளிக்குப் புறப்பட்டார். மற்றவர்கள் பஸ்ஸைப் பிடிக்க விரைந்தார்கள். பாலேந்திரன், சொன்ன பொய்க்காக மனதுக்குள் முருகனிடம் மன்னிப்புக் கேட்டபடி பையை எடுத்தார்.

“சேர், நீங்க ‘அப்பா’ண்டுதானே எழுதியிருந்தீங்க?” என்றாள் கைரியா.

“ஓம் தங்கச்சி. அந்தக் கட்டம் மட்டும் கற்பனையில்லை. அண்டைக்குப் பாலத்தில நானும் அப்பிடித்தான் கத்தினனான். அதை விடுங்கோ. விரல் தவறுறது ஆருக்கும் வாறதுதான்.”

“விரல் தவறல்ல, சேர்.” அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “நீங்க ‘அப்பா’ண்டு கத்தினதும் அந்தக் கூட்டம் உங்களத் திரும்பிப் பார்த்திச்சு. அந்த நேரம் உங்கட கையப் புடிச்சிட்டு, அதவிடச் சத்தமா ‘வாப்பா’ண்டு கத்தின புள்ள நான்தான்.”