இடுப்புக்கு இதமான வண்டி

மூன்றாவது காரிலிருந்தும் அல்போன்ஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். சீட் பள்ளமாக இருக்கிறது, உட்கார்ந்தால் முதுகு வளைகிறது என்றார்.

"மொத வண்டி சீட்டு உசரம்னீங்க, ரெண்டாவதுல கிளட்ச்சு கல்லு மாதிரி கீதுன்னீங்க. பரவால்ல நைனா, இன்னும் வண்டி கீது" என்று சிரித்தார் அப்துல் சமத். அசோக் நகரில் பத்து வருஷமாகப் பழைய கார் விற்கிறார். மைலேஜ் கேட்காமல், சீட்டை மட்டும் பார்த்து வண்டி தேடுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறார்.

ஜொவிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா ஒவ்வொரு தடவை இடுப்பில் கை வைக்கும்போதும் அவளுக்கு உள்ளே சுருக்கென்றது.

அல்போன்ஸ் முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். மகளின் காலேஜ் ஃபீஸுக்காக டபுள் டூட்டி பார்த்தே பாதி வயதைக் கழித்தவர். ரிட்டயர் ஆன மனுஷனை ஓய்வாக இருக்க விட்டிருக்கலாம். ஜொவிட்டாவின் கணவன் நோயல் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனதும், "ரெண்டு வாரம் மட்டும் பாப்பாவ ஸ்கூல்ல விட்டுக் கூட்டிட்டு வாங்கப்பா" என்று கார்ச் சாவியைக் கையில் கொடுத்தது அவள்தான். அந்த இரண்டு வாரம் இப்போது இரண்டு வருஷமாகிவிட்டது. கொட்டிவாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை, காலை நெரிசலில், தினமும்.

போன மாதம்தான் முதன்முதலாக முதுகுவலி என்று வாயைத் திறந்தார். பாப்பாவை ஸ்கூல் வேனில் அனுப்பிவிடேன் என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேன் ஆறு மணிக்கே வாசலுக்கு வந்துவிடும். எட்டு வயது சோஃபியாவுக்கோ வேனில் ஏறினாலே வாந்தி. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். டாக்டரிடம் கூப்பிட்டதற்கு அவர் வரவில்லை.

அதற்கப்புறம்தான் பக்கத்து வீட்டு கிளாடிஸ் அந்த விஷயத்தைச் சொன்னாள். காலையில் பேத்தியைப் பள்ளியில் விட்டதும் அல்போன்ஸ் வீட்டுக்குத் திரும்புவதே இல்லையாம். மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளி விடும்வரை, பக்கத்திலிருக்கும் மாதா கோயிலில் ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம். கையில் ஒரு தயிர் சாத டப்பாவாம்.

ஒரே நாளில் இரண்டு தடவை போய் வர அப்பாவின் முதுகு தாங்கவில்லை என்று ஜொவிட்டாவுக்குப் புரிந்தது. அன்றைக்கு முழுக்கத் தி.நகர் ஆபீசில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஓட்டைக் காரையும் கொடுத்து, வலிக்கிறது என்றவரைப் பொறுத்துக்கொள்ளவும் சொன்ன மகளாகத் தன்னை நினைத்து வெட்கப்பட்டாள். இந்தச் சனிக்கிழமை லீவு போட்டு, அவர் வேண்டாம் வேண்டாம் என்றதையும் கேட்காமல், ஆட்டோ பிடித்து இங்கே அழைத்து வந்திருந்தாள்.

சமத் நான்காவது வண்டியைத் திறந்தார். கியர் மாற்ற வேண்டாம், கிளட்ச்சே கிடையாது, இடது காலுக்கு வேலை இல்லை என்று வரிசையாகச் சொன்னார். சீட்டின் ஓரத்தில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால், நடு முதுகுக்குத் தலையணை வைத்ததுபோல் சாய்மானம் முன்னால் வந்து முட்டுக் கொடுத்தது.

அல்போன்ஸ் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறவர் மாதிரி சீட்டையே தடவிக்கொண்டிருந்தார்.

"இதான் நைனா ஒங்க வண்டி. அசோக் பில்லர் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்று சாவியை நீட்டினார் சமத்.

ஜொவிட்டா முந்திக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினாள். வண்டி கேட் வரைக்கும் ஊர்ந்து போய், ரோட்டைப் பார்த்தபடி நின்றது. வெளியே பஸ்ஸும் ஆட்டோவும் போய்க்கொண்டே இருந்தன. ஒரு இடைவெளி வந்தது, போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அல்போன்ஸ் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து எஞ்சினையே அணைத்துவிட்டார்.

இதுவும் வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்.

ஜொவிட்டாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "எல்லாம் என்னாலதாம்ப்பா. ரெண்டு வாரம்னு சொல்லி உங்க முதுக ஒடச்சுட்டேன். வலிக்குதுன்னு சொன்னப்பவும் காதுல போட்டுக்கல. என்னை நாலு திட்டு திட்டிடுங்கப்பா" என்று அழுதாள்.

அழாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார் அல்போன்ஸ். முகத்தை மட்டும் அவள் பக்கம் திருப்பவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு விபத்துகூடச் செய்யாத மனுஷர், பிடிபட்ட குற்றவாளி மாதிரி குனிந்து மடியைப் பார்த்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்.

"எனக்கு முதுகுவலியே இல்லம்மா, ஆறு மாசமா சிக்னல்ல செவப்பா பச்சையான்னு பாப்பாதான் பாத்துச் சொல்லுது."