மூன்றாவது மணி

சைக்கிள் கடையின் பழைய சாமான் டப்பாவில் ஒரு மணி வந்து விழுந்தது.

"உனக்கு என்ன கோளாறு?" என்று ஏற்கெனவே உள்ளே கிடந்த மணி கேட்டது.

"ஒண்ணுமில்ல. நான் அடிக்கவே மாட்டேங்குறேன்னு அருளப்பன் சார் மாத்தச் சொல்லிட்டார்."

"என்னையும் அதே மனுஷன்தான் கழட்டச் சொன்னார். சரியான கிறுக்கு!"

இரண்டும் சிரித்தன. கடைக்காரர் காசிம் பாயும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த வாரம் அருளப்பன் முழங்கையில் கட்டோடு, சக்கரம் வளைந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"பின்னால வந்த லாரிக்காரன் ஹாரனே அடிக்கல பாய். சக்கரத்தை நிமிர்த்துங்க. அப்படியே இந்த மணியையும் மாத்திடுங்க."

மணிகளுக்குச் சிரிப்பு நின்றது. இரண்டும் சேர்ந்து, டப்பாவே அதிரும்படி அலறின.

காசிம் பாய் திடுக்கிட்டுத் திரும்பினார்.

அருளப்பன் திரும்பவில்லை.