இறால் வலையில் ஒரு வாசல்

இறால் வலைக்குப் படகுக்காரர் சூசைமேல் ஒரே கோபம். ஆமைகள் தப்பிப் போகட்டும் என்று அதன் மேல்பக்கத்தில் பெரிய ஓட்டை வெட்டி, உள்ளே கம்பித் தடுப்பும் வைத்துத் தைத்துவிட்டார்.

“சிக்கினதை விடாதவன்னு பேர் எடுத்தவ நான். என்னைப் போய் இப்படிப் பண்ணிட்டாரே!” என்று கடலடியில் முணுமுணுத்துக்கொண்டே போனது.

அன்றைக்கே ஒரு ஆமை உள்ளே மாட்டியது.

“அக்கா, மூச்சு முட்டுது. மேலே போகணும்.”

“கம்பியை ஒட்டியே போ, வாசல் வரும்” என்றது வலை வேண்டாவெறுப்பாக.

வெளியேறிய ஆமை ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. “எங்கம்மாவும் இந்தப் பக்கம் வந்துதான் திரும்பலை. அவங்க வாசலைப் பார்க்கலையோ?”

முன்பொரு நாள் தன் மடியில் துடிதுடித்து, பிறகு அசையாமல் கிடந்த பெரிய ஆமை வலைக்கு நினைவு வந்தது.

“அப்ப வாசல் இல்ல, தாயி. நீ மேலே போய் மூச்சு விடு.”