விதை வந்த வழி

“அந்தக் கையோட வண்டியில ஏறாத. கழுவிட்டு வா” என்றான் கணவன், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு.

அவள் காதில் வாங்கவில்லை. முழங்கால் சேற்றில் நின்று, பூங்காக் குளத்தை அடைத்திருந்த செடிகளில் ஒன்றைக் கிழங்கோடு பிடுங்கினாள். வேரில் சிக்கி ஒரு செத்த தவளையும் வந்தது.

நகரப் பூங்காக்களின் தாவர ஆய்வாளர் அவள். ஸ்கூட்டர் மக்கர் பண்ணியதால் விடுமுறை நாளில் கணவனை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

வாள் மாதிரி நிமிர்ந்த இலை, மஞ்சள் இதழில் பழுப்புக் கோடு. கிழங்கைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. சந்தேகமே இல்லை, மஞ்சள் ஐரிஸ். இந்த மண்ணின் செடி அல்ல. யாரோ தோட்டத்து அழகுக்காக எங்கிருந்தோ வாங்கிவந்தது.

காய்ந்து நின்ற காயைப் பிளந்து விதைகளைத் தண்ணீரில் போட்டாள். தக்கை போல மிதந்தன. அப்படியானால் தாய்ச்செடி, குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஓடையின் மேல்பக்கம் எங்கோ இருக்கிறது.

இன்றைக்கு இது போதும், வீட்டுக்குப் போகலாம் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் சேறு சொட்டும் சாக்கை அவன் கையில் திணித்துவிட்டு ஓடைக்கரையோடு நடந்தாள்.

“ஆசைக்குக் கொண்டுவந்து வச்சுக்கிறது. அடுத்தவங்க இடம் நாறினா இவங்களுக்கென்ன? இப்படியும் ஒரு ஜென்மம்.”

அவள் பொருமப் பொரும, அவன் கைக்குட்டையை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டான்.

பாலத்தடியில் ஒரு கொத்து, சாக்கடை கலக்குமிடத்தில் இன்னொன்று என்று செடி வழிகாட்டிக்கொண்டே போய், ஒரு மதில் சுவரின் ஓட்டையில் முடிந்தது. சுவரோரம் பிடுங்கி எறிந்த கிழங்குகள் குவியலாக அழுகிக் கிடந்தன. புழு நெளிந்தது.

சுற்றிக்கொண்டு முன்பக்கத் தெருவுக்கு வந்தார்கள். பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்த தெரு. நாற்றம் துளியும் இல்லை. ஆனாலும் கணவன் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை. நீயே பேசிவிட்டு வா என்று சைகை காட்டி, எதிர்ப்புற மரத்தடியில் ஒதுங்கிக்கொண்டான்.

மணியை அழுத்தினாள். ஈரத்தலையைத் துவட்டியபடி ஒரு பெண் கதவைத் திறந்தாள். கோபத்தை அடக்கிக்கொண்டு, தான் இன்னார் என்று சொல்லி, தோட்டத்தில் மஞ்சள் பூச்செடி இருக்கிறதா என்று இவள் கேட்டாள்.

இருக்கிறதே, காடு மாதிரி மண்டுகிறது, பிடுங்கிப் பிடுங்கிப் பின்னால்தான் வீசுகிறேன் என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் கூசாமல்.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க இவள் வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண்ணின் பார்வை இவள் தோளைத் தாண்டி மரத்தடிக்குப் போய்விட்டது. முகம் மலர்ந்தது.

“ஏன் அங்கேயே நிக்கிற? சாவி கொண்டு வரலையா?”